பேர் எழுதச் சொன்ன பத்திரம்: நடைபவனிக்கு அனுசரணை கொடுப்பது எப்படி?



போன ஏப்ரலில் ஒரு சம்பள நாள். பின்னேரம் காரியாலயத்தைப் பூட்டப் போகும் நேரத்தில், மேட்டு லயத்து அம்மா ஒருவர் கையில் போனோடு வந்து நின்றார். பென்சன் வயது தாண்டியவர். இங்கிலாந்தில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்யும் அவருடைய இளைய மகள் ஒரு பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

"ஐயா, இதுல என்னமோ எழுதியிருக்கு. புள்ள என் பேரையும் போடணும்னு சொல்லுது. காசு கேக்குதா, கடன் கேக்குதா, ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

வாசித்துப் பார்த்தேன். அது ஒரு அனுசரணைப் பத்திரம். லூப்பஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு உதவுவதற்காக மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடைபவனி. அதில் அந்தப் பிள்ளை 10 கிலோமீட்டர் நடக்கப்போகிறாள். அவளை நம்பி யார் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுதத்தான் அந்தக் கட்டங்கள்.

அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. இப்போது நம் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் இப்படியான பத்திரங்கள் இன்னும் பல வீடுகளுக்கு வரும். ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பிழை

அந்த அம்மாவின் மூத்த மகள் நம் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார். முப்பது வயது தாண்டவில்லை. முன்பெல்லாம் மலையில் முதல் ஆளாக நிறை போடுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய நிறை குறையத் தொடங்கியது. காலையில் விரல் மடங்கவில்லை என்றார். கொஞ்சம் வெயில் பட்டாலே முகம் சிவந்து, அன்று இரவே காய்ச்சல் என்றார். பல நாள் அரைப் பேர்தான் விழுந்தது. சில நாள் பிரட்டுக்களத்துக்கே வரவில்லை.

மார்ச் மாதத்து வெயிலில் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, நெழல்ல ஏதாச்சும் வேலை இருந்தா துரைகிட்ட சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமலே, "வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் திரும்பிப் பேசவில்லை. போய்விட்டார்.

நாலு மாதம் கழித்து, பெரிய வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியோடு வந்தார். அதில் எழுதியிருந்த நோய்தான் லூப்பஸ். வெயில் எல்லோருக்கும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் நான் படித்துக்கொண்டேன். அந்த நாலு மாதமும் அவர் மொட்டை வெயிலில் நின்றதில் எனக்கும் பங்கு உண்டு.

லூப்பஸ் என்றால் என்ன?

நம் உடம்புக்குள் காவல் வேலை செய்யும் சக்தி ஒன்று உண்டு. கிருமி உள்ளே வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. சில பேருக்கு அந்தக் காவல் ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது. கள்ளனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடிக்கிற காவற்காரன் மாதிரி, உடம்பின் சொந்தப் பாகங்களையே அது தாக்குகிறது. இந்த வகை நோய்கள் பல. லூப்பஸ் அதில் ஒன்று. தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம், நுரையீரல், இருதயம் என்று எந்த இடத்தையும் அது தொடலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால்தான் கண்டுபிடிக்கவும் காலம் எடுக்கிறது.

லூப்பஸ் என்பது ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல். முகத்தில் வரும் புண்ணைப் பார்த்து, ஓநாய் கடித்தது போல இருக்கிறதென்று பழைய காலத்து வைத்தியர்கள் வைத்த பெயர்.

இந்த நோய் வருகிறவர்களில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள். அதிலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. வெள்ளைக்காரர்களை விட ஆசிய, ஆபிரிக்க வம்சத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதாவது நம் மலையில் கூடை சுமக்கிற வயதுப் பெண்களுக்கு வரக்கூடிய நோய் இது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணாத்திப்பூச்சி செட்டை விரித்தது போலச் சிவப்பு.
வெயில் பட்டால் தோல் தடித்தல், அதோடு காய்ச்சல், அலுப்பு.
காலையில் விரல், மணிக்கட்டு, முழங்கால் வீங்கி இறுகிப்போதல்.
காரணமில்லாமல் கிழமைக் கணக்கில் காய்ச்சல்.
கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், வாய்க்குள் மாறி மாறிப் புண்.
கால் வீக்கம், சலம் நுரை நுரையாகப் போதல். இது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம் என்பதற்கான அடையாளம். இதைக் கண்டால் ஒருநாளும் பிந்த வேண்டாம்.

ஒன்று மட்டும் இருந்தால் லூப்பஸ் என்று பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து, விடாமல் இருந்தால் டிஸ்பென்சரியில் சொல்லி, அரசாங்க வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். இரத்தமும் சலமும் சோதித்துப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவு சொல்வார்.

இது தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, ஒரே காம்பராவில் படுப்பதாலோ, பிள்ளையைத் தூக்குவதாலோ வராது. செய்வினையும் இல்லை, யாருடைய கண்ணூறும் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கோடங்கி அடித்துப் பார்த்த செலவு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் என்று அம்மா சொன்னார். அந்தக் காசு இருந்திருந்தால் எத்தனை தடவை கிளினிக் போய் வந்திருக்கலாம்!

மருந்தும் நம் மலையும்

லூப்பஸை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். 1950களில் இந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். இன்று ஒழுங்கான சிகிச்சை கிடைக்கிற இடங்களில் 100க்கு 90 பேருக்கு மேல் 10 வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். பிள்ளை பெறுகிறார்கள், வேலை செய்கிறார்கள்.

இதில் நமக்குச் சொந்தமான ஒரு கதையும் உண்டு. தேயிலை பரவுவதற்கு முந்தி, இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பிக்கு நோய் விழுந்து அழியத் தொடங்கியதும் துரைமார் பல இடங்களில் சிங்கோனா மரம் நட்டார்கள். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து எடுப்பார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹக்கலப் பூந்தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவுக்காகத்தான். அதே கொயினாவை 1894இல் லண்டன் வைத்தியர் ஒருவர் லூப்பஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறதென்று எழுதினார். பிறகு கொயினாவுக்குப் பதிலாக மலேரியாவுக்கென்று தேடிச் செய்த செயற்கை மருந்துகளில் ஒன்றுதான் ஹைட்ரொக்சிகுளோரோகுயின். 1955இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் லூப்பஸ் நோயாளிக்கு வைத்தியர் முதலில் எழுதுவது பெரும்பாலும் அந்த மாத்திரையைத்தான்.

அதற்குப் பிறகு லூப்பஸுக்கென்றே செய்த புது மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல். நடுவில் 50 வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் திரட்டத்தான் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள்.

நடப்பதற்கு ஏன் காசு?

இந்தக் கேள்வியைத்தான் அம்மாவும் கேட்டார். "அவ நடந்தா அவளுக்குக் கால் வலிக்கும். அதுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?"

நமக்கு இது புதிதில்லை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நடப்பது ஒருவர். வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவது, சோறு போடுவது வேறு பேர். நடக்க முடியாதவர் ஒரு காணிக்கையைக் கையில் கொடுத்து, "எனக்காகவும் போட்டுடு" என்பார். நடைபவனியும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்கிறவர் தன் உழைப்பைக் கொடுக்கிறார். அனுசரணையாளர் அந்த உழைப்பை மதித்துக் காசு கொடுக்கிறார். காசு நடந்தவருக்குப் போகாது. எந்தக் காரியத்துக்காக நடந்தாரோ அந்தக் காரியத்துக்குப் போகும்.

1953இல் புவேர்ட்டோ ரிக்கோ என்ற தீவில் ரமோன் ரிவேரோ என்ற நகைச்சுவை நடிகர், புற்றுநோய்க்காரர்களுக்காகத் தலைநகரத்திலிருந்து தெற்குக் கரையில் உள்ள பொன்சே நகரம் வரை நடந்து பணம் சேர்த்தார். 1960களில் இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் பள்ளிக்கூடம், கோவில் என்று எங்கும் பரவியது. நம் நாட்டிலும் 2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டர் நடந்து, தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் திரட்டினார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். அந்த முறை காலியில் உள்ள கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லோரும் வழிநெடுகச் சேர்ந்து நடந்தார்கள்.

லூப்பஸ் நடைபவனிகளுக்குத் தனி ஒழுங்கு உண்டு. ஊதா நிறச் சட்டை போடுவார்கள். நோயாளிகளும் நடப்பதால் தொப்பி, நீளக்கைச் சட்டை, வெயிலுக்குப் பூசும் கிரீம் எல்லாம் உண்டு. முழுத் தூரமும் முடியாதவர் கொஞ்சத் தூரம் நடந்தாலும் கணக்குத்தான். உலக லூப்பஸ் நாள் மே 10. 2004இலிருந்து அனுசரிக்கப்படுகிறது. அதனால் மே மாதத்தில் நடைபவனிகள் கூடுதல்.

பத்திரத்தில் என்ன இருக்கும்?

மேலே நடப்பவரின் பெயர், தூரம், எந்தச் சங்கத்துக்காக என்ற விபரம். கீழே அனுசரணையாளரின் பெயர், விலாசம், தொகை, காசு கொடுத்த திகதி. தொகையை இரண்டு விதமாக எழுதலாம். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதலாம். அப்படி எழுதினால், நடந்து முடித்த தூரத்துக்குத்தான் கணக்கு. 10 கிலோமீட்டரில் 6 கிலோமீட்டர் நடந்திருந்தால் ஆறுக்கு மட்டும். அல்லது மொத்தமாக இவ்வளவு என்று எழுதலாம். எழுதுவது வாக்குறுதி. ஆகவே கொடுக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும்.

இங்கிலாந்துப் பத்திரங்களில் கடைசியில் 'கிப்ட் எயிட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வருமான வரி கட்டுகிறவர் அதில் சரி அடையாளம் போட்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து சங்கத்துக்குக் கிடைக்கும். 1990இலிருந்து உள்ள முறை. இங்கே இருக்கும் நாம் அங்கே வரி கட்டுவதில்லை. ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். தெரியாமல் அடையாளம் போட்டால் பொய்க்கணக்கு ஆகிவிடும்.

பேர் எழுதுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. பத்திரம் கொண்டுவந்தவரை நமக்குத் தெரியுமா? தெரியாத ஆள் லயத்துக்கு வந்து காசு கேட்டால், காரியாலயத்தில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆள் கோவிக்க மாட்டார்.
2. பதிவு செய்த சங்கமா? பதிவு இலக்கம் இருக்கிறதா? இங்கிலாந்துச் சங்கங்களின் பதிவை யாரும் கணினியிலோ போனிலோ பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.
3. காசு எதற்குப் போகிறது? ஆராய்ச்சிக்கா, நோயாளிக்கு உதவவா?
4. பற்றுச்சீட்டு வருமா?

இன்னொன்று. நல்ல காரியமென்றாலும் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். திருவிழா வசூல் போல வீட்டுக்கு இவ்வளவு என்று யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. நீங்கள் கையெழுத்து வைக்காமல் செக்ரோலில் வெட்டவும் கூடாது. கொடுக்காத வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"நோய் இங்க, நடை அங்கயா?"

எல்லாம் கேட்டு முடித்த பிறகு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நோயி இங்க என் மூத்தவளுக்கு. நடக்குறது அங்க சின்னவ. காசு அந்த ஊரு சங்கத்துக்கு. இதுல என் மூத்தவளுக்கு என்ன ஐயா கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. உள்ளதைச் சொன்னேன். அந்தக் காசு நேராக அவர் கைக்கு வராது. அந்த நாட்டு நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லவும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவவும்தான் போகும். ஆனால் ஓர் ஊரில் கண்டுபிடித்த மருந்து அந்த ஊரோடு நிற்பதில்லை. மூத்தவர் இன்று கிளினிக்கில் சும்மா வாங்கும் மாத்திரையும் யார் யாரோ எங்கெங்கோ தேடிக் கண்டதுதான். இன்று தேடுவது நாளைக்கு அவருக்கோ, இன்னொரு லயத்துப் பிள்ளைக்கோ வரும்.

அம்மா யோசித்தார். "அப்படின்னா கிலோமீட்டருக்குப் பத்து ரூவா போடுங்க" என்றார். மொத்தம் 100 ரூபாய். அங்கத்துக் காசில் ஒரு பவுண்கூட வராது என்றேன். அனுப்புகிற செலவே அதைவிடக் கூட என்றும் சொன்னேன்.

"அனுப்ப வேணாம் ஐயா. மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற காசுல அவ நூறைக் கழிச்சிக்கட்டும். ஆனா என் பேரு அதுல இருக்கணும். முப்பத்தஞ்சு வருசம் செக்ரோல்ல பேரு போட்டாங்க. இது நானா போடுற பேரு."

போனிலேயே மகளுக்குப் பேசினோம். கிப்ட் எயிட் கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னேன். அம்மாவின் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதச் சொன்னேன். என் பங்கு எவ்வளவு என்பது இருக்கட்டும். அது கடன் தீர்த்த மாதிரித்தான்.

இங்கே நாம் கொடுக்க வேண்டிய அனுசரணை

நடைபவனி மே மாதம் நல்லபடியாக முடிந்தது. 10 கிலோமீட்டரும் நடந்தாள். பற்றுச்சீட்டின் படமும் வந்தது. ஆனால் மூத்தவருடைய நடை தினமும் இங்கே நடக்கிறது. லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து மடுவத்துக்கு, மாதம் ஒருக்கா பஸ் ஏறி கிளினிக்குக்கு. இதற்கும் அனுசரணையாளர்கள் வேண்டும்.

பெரிய துரையிடம் கிளினிக் கொப்பியைக் காட்டிப் பேசினேன். இப்போது அவருக்கு நேர்சரியில், நிழல் வலைக்குக் கீழே, பைக்கு மண் நிரப்பும் வேலை. முழுப் பேர் விழுகிறது. முதல் தடவை கேட்டபோதே நான் பேசியிருக்கலாம். கணக்கப்பிள்ளைமார், கங்காணிமாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நிழல் வேலை கேட்கிறவரை உடனே வேலைக்கள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். டிஸ்பென்சரிக்கு அனுப்பிப் பாருங்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்:

மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். முக்கியமாக ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மருந்து முடிய முன்பே கிளினிக் போக வேண்டும்.
ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குடிக்கிறவர்கள் வைத்தியர் சொல்லும் காலத்தில் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.
பிள்ளை பெற விருப்பமென்றால் முதலிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டும். சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.
நாட்டு மருந்து எடுத்தால் அதையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.
மலை உயர உயர வெயிலின் சுடும் கதிர் கூடும். மப்பும் மந்தாரமுமான நாளிலும் அது மேகத்தைத் தாண்டி வரும். குளிர்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். நீளக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் எப்போதும் வேண்டும்.
காலையில் விரல் மடங்காத நாளில் தண்ணீர் தூக்க, விறகு கொத்த இன்னொருவர் கை கொடுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர் கிளினிக் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவும் பெரிய உதவி.

பத்திரம் இல்லாத அனுசரணை இது. யாரும் பற்றுச்சீட்டு தரமாட்டார்கள். ஆனாலும் செய்ய வேண்டும்.

உங்கள் லயத்தில் வெயிலுக்குப் பயப்படுகிறவர், காலையில் கை விறைக்கிறதென்று சொல்கிறவர் யாராவது இருந்தால், கூச்சப்படாமல் என்னிடம் வரச் சொல்லுங்கள். புதன்கிழமை பின்னேரம் காரியாலயத்தில் இருப்பேன். இந்த முறை தலையை நிமிர்த்திக் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்